கழுவி வந்த பாத்திரம்

பெரியப்பாவின் சோற்றுப் பாத்திரம் மூன்றடுக்கு கொண்டது. கைப்பிடியின் ஒரு பக்கம் கொக்கி தளர்ந்துபோய், செம்புக் கம்பி சுற்றி இறுக்கியிருக்கும். காலையில் பெரியம்மை கீழடுக்கில் சோறும், நடுவில் புளிக்கறியோ தீயலோ, மேலே தேங்காய் போட்ட பொரியலான துவரனும் வைத்துக் கொடுப்பாள். சாயங்காலம் அது திரும்பி வரும்போது கழுவியே வரும். சும்மா தண்ணீர் விட்டு அலசியதல்ல. சாம்பல் போட்டுத் தேய்த்து, நாரத்தை இலையைக் கசக்கித் துடைத்து, மூடியைத் திறந்தால் அந்த மணம் குப்பென்று முகத்தில் அடிக்கும்படி வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் திறந்து முகர்ந்து பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம். எங்கள் பக்கத்து ஆண்கள் அந்தக் காலத்தில் தாங்கள் உண்ட தட்டை நகர்த்தி வைத்ததாகக்கூட நினைவில்லை. பெரியம்மைக்குத் தலைகால் புரியாத பெருமை. கிணற்றடியில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்வாள்: "எனக்க கைக்கு ஒரு பாத்திரம் கூடுதலா தரமாட்டாரு, கேட்டியா. அப்பிடி ஒரு மனுசனாக்கும்." கேட்ட பெண்கள் அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷன்மாரை இரண்டு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

எங்கள் வீடு கேரளத்தில் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சைவக் குடும்பம். முட்டை என்ற சொல்லைக்கூட அடுக்களையில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்த வீடு. பெரியப்பா காஞ்சிரங்குளத்தில் வில்லேஜ் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். என் சிறு வயதில் அப்பா இறந்தபிறகு என்னை வளர்த்தது அவர்தான். சட்டம் படிக்கவேண்டும் என்று நான் அடம் பிடித்தபோது குடும்பமே கூடி உட்கார்ந்து, பெண்பிள்ளை கோர்ட்டில் போய் நின்று கத்துவதா என்று கேட்டது. பெரியப்பா திருநீற்றைப் பூசிக்கொண்டே சொன்னார்: "வாய் உள்ள பிள்ளை வாயை வச்சுப் பிழைக்கட்டும்." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இன்று நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நான் கத்துவது அவர் தந்த வாயால்தான். அந்த வாயை அவருக்காகவே எங்கள் ஆட்களிடம் திறக்கவேண்டி வரும் என்று அப்போது தெரியாது.

பெரியம்மை போய்ச் சில வருஷங்களில் அவருக்கு மறதி தொடங்கியது. டாக்டர் டிமென்ஷியா என்றார். முதலில் ஆட்களின் பெயர் போனது, பிறகு ஆட்களே போனார்கள். மஸ்கட்டில் இருக்கும் சொந்த மகனைப் போனில் பார்த்து, "சாருக்கு எந்த வில்லேஜ்?" என்று கேட்டார். வீட்டில் நான், பெரியப்பா, அவருடைய தங்கையான என் அத்தை என்று மூன்று பேர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலெல்லாம் கோர்ட். அத்தைக்கு முட்டு வலி. பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். சமாளிக்க முடியாமல் போனது ஒன்றுதான்: பெரியப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டைப் பார்ப்பார், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதைப் பார்ப்பதுபோல. சோற்றை உருளையாக உருட்டி வாயில் வைத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். தோள் எலும்பு சட்டைக்குள் கொடிக்கம்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. மறதியால் ஆள் சாகமாட்டார், பட்டினியால் செத்துவிடுவார் என்று எனக்குப் பயம் பிடித்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் ஆளைக் காணவில்லை. ஊரெல்லாம் தேடினோம். கடைசியில் உச்சக்கடைச் சந்தையில், ஓலைச் சாய்ப்பு போட்ட ஒரு சோற்றுக்கடையில் அவரைக் கண்டுபிடித்தோம். முன்னால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். தட்டு கிட்டத்தட்டக் காலி. என்னோடு வந்திருந்த அத்தை வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு, உதட்டில் மிளகாய் எண்ணெய். பெரியப்பா எங்களை நிமிர்ந்து பார்த்து, வந்தவர்களுக்கு இடம் விடுவதுபோலப் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்று வீட்டில் நடந்ததை எழுதினால் சிரிப்பு வரும், நடக்கும்போது வரவில்லை. அவரைக் குளிப்பாட்டினார்கள். பிறகும் குளிப்பாட்டினார்கள். கோயிலில் ஒரு பரிகாரம் செய்தார்கள். ஊரிலிருந்து துக்கம் விசாரிப்பதுபோல ஆட்கள் வந்தார்கள். வியாதி முற்றிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். சைவப் பிள்ளை மீன் தின்கிறார் என்றால் மூளை அந்த அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அத்தை டாக்டரிடம் போய்ச் சொல்ல, அவரும் ஆளை அடக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டது. மீன் கேட்கவில்லை, உண்மைதான். தண்ணீரும் கேட்கவில்லை. சில நாளிலேயே அதை எடுத்துக் குப்பையில் போட்டேன், டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எங்கள் குடும்பத்தைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் குடும்பமும் பசியை வியாதிக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்காது.

அதன்பிறகுதான் வயோதிகர் விடுதியில் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். உடனே நன்றிகெட்டவள் ஆனேன். வளர்த்த மனுஷனைக் கொண்டுபோய்த் தள்ளுகிறாளே என்று சொன்னவர்கள் யாரும், வா, ஒரு வாரம் நான் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. ஒரு சித்தப்பா மகன் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசினான். "சரி, இன்னைக்கு உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, துணியெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்" என்றேன். பைக் சத்தம்தான் கேட்டது. ஒரு மனிதரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் கொண்டுவிடுவதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன்.

மஸ்கட் அண்ணன் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். திருவனந்தபுரத்தில் சைவ ஆசாரத்தோடு நடத்துகிற விடுதி. போய்ப் பார்த்தேன். குறை சொல்லக்கூடாது, நல்ல சுத்தம். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, பூஜை அறை, காலையும் மாலையும் பஜனை. சாப்பாட்டு நேரம். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பூன் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மேனேஜர் மலையாளமும் தமிழும் கலந்து மரியாதையாகப் பேசினார். எங்கள் ஆள் சில சமயம் மீன் கேட்பார் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "அதொக்கெ இங்க வந்தா அடங்கும் மேடம். எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு."

"சாப்பிடவே மாட்டேன்னு இருந்தா?"

"ரெண்டு நாள் வாசி பிடிக்கும், பிடிவாதம். பின்ன டியூப் உண்டல்லோ. பேடிக்கண்டாம்."

பயப்படவேண்டாம் என்று அவர் சொன்ன அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. வாய் இருக்கும் மனுஷனுக்கு மூக்கு வழியாகச் சைவம் ஏற்றுவார்கள். அண்ணன் மஸ்கட்டிலிருந்து பூஜை அறைப் படத்தைப் பார்த்து நிம்மதியாக இருப்பான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கோர்ட்டில் சாட்சி சொல்வது எல்லாம் சரியாக இருந்தும் எங்கோ ஒரு நூல் பிரிந்து நிற்குமே, அந்த உறுத்தல். ஓர்மை இல்லாத மனுஷன் வழி தவறலாம். நேராக மீன்கறிக் கடைக்கு எப்படிப் போனார்? அடுத்த நாள் காஞ்சிரங்குளத்துக்குப் போனேன். ஆபீஸில் பெரியப்பாவுக்கு அடுத்த மேஜையில் இருந்த கிளார்க் சார் ரிட்டயராகி இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறார். பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். நடை தளர்ந்துவிட்டது, பேச்சு தளரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அது நான் சொல்லப்பிடாது மோளே. வாக்கு குடுத்த காரியமாக்கும்."

"சார், அவரு சோறு திங்கல்ல."

வேறு எந்தக் கேள்வியும் நான் கேட்கவேண்டி வரவில்லை. கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார். மத்தியானம் இரண்டு பேரும் ஆபீஸுக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கறி மாறும். பெரியம்மை வைத்த புளிக்கறியும் துவரனும் கிளார்க் சாரின் பாத்திரத்துக்குப் போகும். அவருடைய வீட்டு மீன்கறி பெரியப்பாவின் பாத்திரத்துக்கு வரும். "உனக்க பெரியம்மைக்க கைப்பக்குவத்த வருசக்கணக்கா தின்னது நானாக்கும். அவருக்கு மீன்தலை வேணும். எனக்க வீட்டுக்காரிக்கு அது தெரியும், அவருக்குன்னு தலையை எடுத்து வைப்பா. பின்னாடி ஒரு நாரத்தை நின்னுது. அதுல காய் பறிச்சதவிட எலை பறிச்சதுதான் கூடுதல்." ரிட்டயர் ஆன பிறகும் பென்ஷன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மாதாமாதம் இவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். கடைசியாக வந்தபோது வீடு அடையாளம் தெரியாமல் இரண்டு வீடு தள்ளி நின்று கூப்பிட்டாராம். அப்புறம் வரவில்லை.

நான் சிரித்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. பெரியப்பா மேல் அல்ல. ஒரு மனுஷன் உழைத்துச் சம்பாதித்து, ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திவிட்டு, தனக்குப் பிடித்த ஒரு துண்டு மீனைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றிருக்கிறார். தின்றபிறகு குற்றவாளி கைரேகையை அழிப்பதுபோலச் சாம்பலும் இலையும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பூரித்துப்போயிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் நம்பமாட்டாள், கிளார்க் சாரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

"அவன் மறைச்சு வச்சத நீ எதுக்குட்டி ஊருக்குக் காட்டுதே? ஓர்மை இருந்த காலத்துல அவன் எப்பிடி இருக்கணும்னு நினைச்சானோ அப்பிடி வச்சுப் பாக்குததுதானே மரியாதை? அவனுக்கு மானம் ஒண்ணு உண்டும்லா?"

இத்தனை வருஷத்தில் என் முன்னால் இவ்வளவு நல்ல வாதத்தை வைத்த எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் பேர்தான். மறுநாள் காலையில், பெரியப்பாவின் வாயில் ஒதுங்கிக் கிடந்த சோற்றை விரல் விட்டு வெளியே எடுக்கும்போது பதில் வந்தது, அவளிடம் போய்ச் சொன்னேன்: அத்தை, அவர் மறைத்தது மானத்துக்காக அல்ல, நமக்குப் பயந்து. அந்தப் பயத்தைக் கடவுளாகப் பார்த்து மறக்கவைத்திருக்கிறார். உச்சக்கடையில் நம்மைப் பார்த்தும் கையைப் பின்னால் ஒளிக்காமல் நகர்ந்து இடம் விட்டாரே, நீயும்தானே பார்த்தாய். அவர் மறந்த பயத்தை அவருக்குத் திருப்பிக் கற்றுக்கொடுக்க நான் ஆள் இல்லை. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மீன் கொடுக்கும் இடமாகப் பார்த்துச் சேர்க்கப்போகிறேன் என்றதும் அண்ணன் போனில் குதித்தான். சொந்த மகன் நான், முடிவு என்னுடையது என்றான். "சரி, வா. வந்து உன் கையால ஒரு உருளை ஊட்டு. அவரு இறக்கினா நீ சொன்ன இடத்துலயே சேர்ப்போம்" என்றேன். லீவு கிடைக்காது என்றான். "பசி லீவு பார்த்து வராது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டு, என்ன வேண்டுமானாலும் செய், அந்த மாதிரி இடத்தில் நான் காலடி வைக்கமாட்டேன் என்றான். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

காரோடு என்ற ஊரில், கடற்காற்று அடிக்கும் தூரத்தில் ஒரு வீடு. வளைகுடாவில் நர்ஸாக இருந்து திரும்பிய ஓர் அம்மா, மாமியாரைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கி, பிறகு ஊரார் சிலரையும் சேர்த்துக்கொண்டு, முறைப்படி அனுமதி வாங்கி நடத்துகிறாள். சுவரில் ஈரம் ஏறியிருந்தது. டிவி அலறியது. வாசல் சரிவு சக்கர நாற்காலிக்குக் கொஞ்சம் செங்குத்து. ராத்திரி யார் விழித்திருப்பது, விழுந்தால் எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் எப்போது வருவார், மாத்திரை கொடுத்து ஆளைத் தூங்க வைப்பீர்களா என்று நான் கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. "நீங்க வக்கீலா போலீசா?" என்றாள். ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். சரிவை இடித்துக் கட்டினால்தான் சேர்ப்பேன் என்றேன், பிறகு கட்டவும் செய்தாள். ஒரு மூலையில் இரண்டு கிழவிகள் பாத்திரத்தை இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை போடும் அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. அடுக்களையிலிருந்து மணம் வந்துகொண்டிருந்தது.

"மீன் உண்டா?" என்று கேட்டேன்.

அவள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். குரலை மாற்றிக்கொண்டாள். "உங்க ஆளுக்குத் தனிப் பாத்திரம் வச்சிரலாம். கரண்டியும் தனி. நான் உறப்பு தாறேன், மீன் பக்கத்துல வராது."

"மீன்தான் வேணும். தலை."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "பின்ன உங்க ஆளுங்க வந்து எனக்க வாசல்ல நின்னு வழக்கு பேசினா?"

"வழக்கு என்கிட்டதான் வரும். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சேர்த்த அன்று மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து உருளைக்கு ஒன்றுகூட உள்ளே போகாத மனுஷன் முன்னால் சோறும், புது மண்சட்டிச் சிவப்பில் மீன்கறியும் வந்தன. தட்டைப் பார்த்தார். வலதுகை மெல்ல எழுந்தது. அந்தக் கைக்குச் சட்டைப் பித்தான் போடத் தெரியாது, தண்ணீர்க் குவளையைப் பிடிக்கத் தெரியாது. அந்தக் கை மீன்தலையைத் திருப்பி, செவுளை விரித்து, முள்ளைத் தனியாக ஓரத்தில் ஒதுக்கி, சதையை மட்டும் எடுத்துச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தது. ஒரு முள்கூடத் தவறவில்லை. விழுங்கினார். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்த் தென்னையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று வெட்கப்படாமல் எழுதுகிறேன். எனக்கு மீன் வாடை இன்றைக்கும் ஆகாது, வயிற்றைப் புரட்டும். அது என் வயிறு, என் பாடு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். தோள் எலும்பு மறைந்துவிட்டது. சில நாள் நன்றாக இருப்பார், சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வியாதி போகவில்லை, போகாது. சமீபத்தில் ஒரு ஞாயிறு, அலமாரியில் கிடந்த அந்தப் பழைய பாத்திரத்தைத் தேடி எடுத்து, எனக்குச் சோறும் புளிக்கறியும் வைத்துக் கொண்டுபோனேன். அதைக் கண்டதும் அவர் முகத்தில் விளக்கு ஏற்றினாற்போல ஒரு வெளிச்சம். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். புளிக்கறியை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். தன் மீன்கறியை நடு அடுக்கில் ஊற்றிக்கொண்டார். "நீரு எடும் சாரே, பிள்ளைமாரு வீட்டுப் புளிக்கறி" என்றார். நான் காஞ்சிரங்குளத்து கிளார்க் சாராக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உண்டு முடித்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். நாரத்தையைத் தேடினார். அங்கே கறிவேப்பிலைதான் நின்றது. அதை உருவிக் கசக்கிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார். முகர்ந்தார், தேய்த்தார், மறுபடியும் முகர்ந்தார். கண்ணில் ஒரு கலக்கம். "இன்னும் மணக்குது சாரே. வீட்டுல அறிஞ்சா நாணக்கேடாக்கும்."

அத்தையிடம் நான் பேசிய வாதம் தப்பு. பயத்தை அவர் மறக்கவில்லை. என் பெயர் போய்விட்டது, மகன் போய்விட்டான், பெரியம்மை போய்விட்டாள், இது மட்டும் விரல் நுனியில் மிச்சமிருக்கிறது. நாங்கள் அவருக்குக் கொடுத்தவற்றில் கடைசிவரை நிற்பது இதுதானா?

பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன். மிச்சமிருந்த மீன்கறியில் ஒரு கரண்டியை நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கி நடு அடுக்கில் ஊற்றினேன். அவர் விழித்துப் பார்த்தார்.

"சாரே, இத நான் இப்பிடியே உங்க வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"கழுவாமலா?"

"கழுவாம."

"உமக்குப் பேடி இல்லியா?"

"இல்ல."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு என் நெற்றியையும் மடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தேன். வீட்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். அத்தை அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாத்திரத்தை அடையாளம் தெரிந்து நிமிர்ந்தாள். பிறகு வாடை தெரிந்து முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"கழுவிக் கொண்டு வரப்பிடாதா மக்கா?" என்றாள். கோபம்கூட இல்லை, கெஞ்சல்.

"இனி இது கழுவி வராது அத்தை."

அடுக்களை நடுவில் வைத்துக் கொக்கியைத் தளர்த்தினேன். சின்ன வயதில் செய்தது மாதிரியே மூடியைத் திறந்து, குனிந்து முகர்ந்தேன். நான் முகத்தைத் திருப்பவில்லை.